வாளைக் கீழே வைத்த பின்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களில் பலர் ஒருமுறையேனும் திருவனந்தபுரம் வந்திருப்பார்கள். பத்மநாபசுவாமியைத் தரிசித்திருப்பார்கள், சாலைக் கடைத்தெருவில் தமிழ்ப் பேச்சு காதில் விழக்கேட்டு, நாம் இன்னும் நம் ஊர் எல்லையைத் தாண்டவில்லையோ என்று ஒரு கணம் மயங்கியிருப்பார்கள். ஆனால் கோயிலுக்கு அண்மையில், கிழக்கே கோட்டைப் பகுதியில், தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக அமைந்த மண் தளம் ஒன்று இருப்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்? சி. வி. என். களரி என்பது அதன் பெயர். 1956ஆம் ஆண்டு சி. வி. கோவிந்தன்குட்டி நாயர் என்னும் குருக்கள் அதனை நிறுவினார். பொழுது புலரும் வேளையில் அங்கே இளைஞர் எண்ணெய் பூசிய உடலோடு, கச்சை கட்டி, குருவின் சொல்லுக்கேற்பத் தாவியும் தாழ்ந்தும் பயில்வதை மேலே நின்று காணலாம்.

அந்தக் களரியை நாம் இன்று நினைப்பதற்குக் காரணம் ஜப்பான். 'புஷிதோ' எனப்படும் ஜப்பானிய வீரர் ஒழுக்கத்தை அன்றாட வாழ்வில் கைக்கொள்வது எவ்வாறு என்று கூறும் நூல்கள் இப்போது மிகுதி. பதினேழாம் நூற்றாண்டு வாள்வீரர் மியாமோதோ முசாஷி எழுதிய போர்முறை நூலை வாணிகம் செய்வோருக்குரிய பாடநூலெனச் சொல்லி விற்கிறார்கள். நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் வாழும் நகரம் எதுவானாலும் வெள்ளை உடை அணிந்து கராத்தே பயிலச் செல்கிறார்கள். அது நல்லதே. ஆயினும் அப்பிள்ளைகளுள் ஒருவன், "அப்பா, நம்மிடம் இப்படி ஒன்று இல்லையா?" என்று கேட்டுவிட்டால், இல்லை என்பதா, எல்லாமே நம்மிடமிருந்துதான் போயிற்று என்று பெருமையடிப்பதா? இரண்டும் எளிய விடைகள். இரண்டும் பிழையான விடைகள் என்பது நம் கருத்து.

பெருமையடிக்கும் விடையை முதலில் ஒதுக்கிவிடுவோம். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் சீனத்து ஷாவோலின் மடத்தில் போர்க்கலையைக் கற்பித்தார், அதுவே ஜப்பான் வரை பரவிற்று என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். போதிதருமர் தென்னிந்தியர் என்னும் மரபு பழையது. ஆனால் அவரைப் போர்க்கலையோடு இணைக்கும் சீன நூல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஓராயிரம் ஆண்டு பிற்பட்டது. அந்நூலின் முகவுரைகளே பொய்யாகச் சேர்க்கப்பட்டவை என்று சீன ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். வீரத்தைப் பற்றிப் பேச வருபவன் முதலில் உண்மை பேச வேண்டும் அன்றோ?

இனிப் புஷிதோவுக்கு வருவோம். அச்சொல்லை உலகம் அறியச் செய்தவர் நிதோபே இனாசோ. 1862இல் மோரியோகா நகரில் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர், வேளாண்மை பயின்றவர், கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர், அமெரிக்கப் பெண்மணியை மணந்தவர். வியப்பு என்னவெனில், ஜப்பானிய வீரர் ஒழுக்கத்துக்கு இலக்கணமாகக் கருதப்படும் அவருடைய நூல் ஜப்பானில் எழுதப்பட்டதுமன்று, ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டதுமன்று. உடல்நலம் குன்றி அமெரிக்காவில் தங்கியிருந்த நாட்களில் அவர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். 1900இல் அது வெளிவந்தது. எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. பெல்ஜிய நாட்டு அறிஞர் ஒருவர், "உங்கள் பள்ளிகளில் சமயக் கல்வி இல்லை என்கிறீர்களே, பிறகு ஒழுக்கத்தை எவ்வாறு ஊட்டுகிறீர்கள்?" என்று கேட்டாராம். நிதோபேயால் அப்போது விடை கூற முடியவில்லை. பின்னர் அவருடைய மனைவியும், இந்த வழக்கம் ஏன், அந்த எண்ணம் ஏன் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவற்றுக்கெல்லாம் விடை தேடியதன் பயனே அந்நூல்.

பிறந்த ஊரில் இருக்கும்வரை இத்தகைய கேள்விகளை எவரும் நம்மிடம் கேட்பதில்லை. வாயிற்படியை மிதிக்காமல் தாண்டுவது ஏன், புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஏன் என்று நாக்பூரிலோ கொல்கத்தாவிலோ அடுத்த வீட்டார் கேட்கும்போதுதான் நாம் விழிக்கிறோம். நிதோபேயின் நிலையும் அதுவே. ஆகவே அந்நூலைப் படிக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. அது ஒரு பண்டைய சட்டநூல் அன்று. அயல் மண்ணில் இருந்த ஒருவர் தம் முன்னோரிடம் கண்டவற்றுள் நல்லவற்றைத் தேர்ந்து, நேர்மை, துணிவு, இரக்கம், பணிவு, வாய்மை, மானம், விசுவாசம் என்று கோத்துக் கொடுத்த மாலை.

ஆனால் அவர் கோத்த மலர்கள் பொய்ம்மலர்கள் அல்ல. அவை எங்கே பூத்தன என்று பார்த்தால் வரலாறு ஒரு விந்தையைக் காட்டுகிறது. ஜப்பானில் வீரர் ஒழுக்கம் பற்றிய சிந்தனை செழித்தது போர் நடந்த காலத்தில் அன்று; போர் நின்ற காலத்தில். 1603இல் தொக்குகாவா மரபினரின் ஆட்சி நிலைபெற்றது. அதன் தொடக்கப் பத்தாண்டுகள் சில கழிந்தபின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நாட்டில் பெரும் போர் இல்லை. சாமுராய் என்போர் பிரபுவிடம் நெல்லைச் சம்பளமாகப் பெற்றுக்கொண்டு கணக்கெழுதினார்கள்; கிடங்கைக் காத்தார்கள்; பள்ளியில் கற்பித்தார்கள். இடுப்பில் இரண்டு வாள் இருந்தது, கையிலோ தூரிகை. இந்நிலையில் யாமாகா சோக்கோ (1622-1685) என்னும் அறிஞர் கூச்சமின்றி ஒரு கேள்வி எழுப்பினார்: சாமுராய் உழுவதில்லை, பொருள் செய்வதில்லை, விற்பதில்லை, ஆயினும் உண்கிறான். அப்படியானால் அவனுடைய தொழில்தான் யாது? ஒழுக்கத்தில் பிறருக்கு எடுத்துக்காட்டாக நிற்பதே அவன் தொழில், அது இல்லையேல் அவன் உண்ணும் சோறு களவு என்பது அவர் கண்ட விடையின் கருத்து. உழைக்காமல் உண்ணும் எவரையும் உறுத்த வேண்டிய விடை!

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான 'ஹகக்குரே' என்னும் நூலும் இத்தகையதே. சாகா நாட்டைச் சேர்ந்த யாமாமோதோ த்சுனேதோமோ சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொண்டது. சாவுக்கு எப்போதும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று அதில் முழங்குபவர் ஒரு போரிலும் வாளெடுத்தவர் அல்லர்! அதே நூலில், பிறர் முன்னிலையில் கொட்டாவி விடலாகாது, வந்தால் நெற்றியை மேல்நோக்கித் தடவினால் அடங்கிவிடும் என்ற குறிப்பும் இருக்கிறது. படிப்போர் சிரிக்கலாம். நமக்கோ அந்த முழக்கத்தைவிட இந்தக் கொட்டாவிக் குறிப்பே உயர்வாகத் தோன்றுகிறது. சாகும் வாய்ப்பு மனிதனுக்கு ஒருமுறைதான் வரும். கொட்டாவி நாள்தோறும் வருகிறது.

1876இல் மெய்ஜி அரசு வாள் அணிவதையே தடை செய்தது. வாளும் போயிற்று, நெல்லும் போயிற்று, எஞ்சியது பயிற்சி. 1882இல் கானோ ஜிகோரோ என்னும் ஆசிரியர், பழைய ஜுஜுத்சு மல்யுத்த முறைகளைத் திருத்தி, 'ஜுடோ' என்று பெயரிட்டு, கோதோகான் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 'ஜுத்சு' என்றால் வித்தை. 'டோ' என்றால் நெறி. ஆற்றலை வீணாக்காமல் நன்கு பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் என்னும் இரண்டே கோட்பாடுகளை அவர் வகுத்தார். கூடத்தில் எதிராளியை வீழ்த்துவதற்கு மட்டுமன்று, படிப்புக்கும் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் அவையே போதும் என்றார். வீரர் ஒழுக்கத்தை அன்றாட வாழ்வுக்குப் பொருத்தும் முயற்சியில் இதைவிடத் தெளிவானது வேறு இல்லை எனலாம்.

இப்போது நம் கரைக்குத் திரும்புவோம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் வாழ்ந்த போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் சிறுவர்கள் ஏழு வயதளவில் பயிற்சிக்கு அனுப்பப்படுவதையும், அவர்கள் உடல் வேண்டியவாறெல்லாம் வளைவதையும் வியந்து எழுதியிருக்கிறார். நாயர் மட்டுமல்லர்; தீயரும் மாப்பிள்ளைமாரும் சிரியன் கிறிஸ்தவரும் களரி பயின்றனர். ஊர்தோறும் களரி இருந்தது. எழுத்துக்கு ஒரு களரி, ஆயுதத்துக்கு ஒரு களரி என்பது அக்கால வழக்கு. எழுத்துப் பள்ளியையும் போர்ப் பள்ளியையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள் அவ்விரண்டுக்கும் ஒரே மரியாதையை எதிர்பார்த்தார்கள் போலும்.

அங்கும் வாளைக் கீழே வைக்கும் காலம் வந்தது. வைத்த விதந்தான் வேறு. வயநாட்டுக் காடுகளில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பழசி ராஜா 1805இல் மடிந்தார். திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி 1809இல் கிளர்ந்தெழுந்து உயிர் துறந்தார். இவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்தவர். இவ்விரு கிளர்ச்சிகளுக்குப் பின் மலபாரில் மக்களிடமிருந்த ஆயுதங்கள் பறிக்கப்பட்டன; திருவிதாங்கூரின் பழைய படையில் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. ஊர்க்களரிகள் மூடின. ஜப்பானில் சொந்த அரசே வாளை வாங்கிக்கொண்டது. இங்கே அயலார் ஆட்சி பறித்துக்கொண்டது. பிறகு நூறாண்டுக் காலம் இக்கலை உயிரோடிருந்தது, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் குருக்கள்மாரின் கைகளிலேதான். வெட்டத் தெரிந்த கைகளை ஊர் மறந்தது. கட்டத் தெரிந்த கைகளை மறக்கவில்லை.

1920களில் தலைசேரியில் மறுமலர்ச்சி தொடங்கிற்று. முதுமை எய்தியிருந்த கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் பயின்ற சி. வி. நாராயணன் நாயர் ஊர் ஊராகச் சென்று இக்கலையைக் காட்டினார். அவர் 1944இல் மறைந்தார். அவருடைய மகனே நாம் முதலிற் குறிப்பிட்ட கோவிந்தன்குட்டி நாயர். அவர் வடக்கே தலைசேரியிலிருந்து தெற்கே திருவனந்தபுரத்துக்கு வந்து, தந்தையின் பெயரில் களரி அமைத்தார். பின்னர் 1976இல் பிலிப் சரில்லி என்னும் அமெரிக்க நாடக அறிஞர் அங்கே வந்து, பல ஆண்டுகள் பயின்று, களரி பற்றி விரிவான நூல் எழுதினார். அந்நூலின் தலைப்பே, உடல் முழுவதும் கண்ணாக வேண்டும் என்ற கேரளத்துப் பழமொழியிலிருந்து எடுத்தது.

திருவனந்தபுரத்தில் வாள் கீழே வைக்கப்பட்ட மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தவர் மார்த்தாண்ட வர்மா. சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாயையே தம் படைக்குப் பயிற்சியாளராக ஆக்கிக்கொண்டவர். அம்மன்னர் 1750 ஜனவரியில் பத்மநாபசுவாமி சந்நிதியில் தம் உடைவாளை வைத்து, நாட்டையே இறைவனுக்கு எழுதிக் கொடுத்தார். அதுமுதல் திருவிதாங்கூர் மன்னர்கள் தம்மைப் 'பத்மநாபதாசர்' என்று சொல்லிக்கொண்டு, ஊழியக்காரரைப் போல நாட்டை ஆண்டார்கள். வென்ற நாடுகளின் மீதுள்ள உரிமையை நிலைநாட்டச் செய்த அரசியல் தந்திரம் அது என்பாரும் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் தந்திரமாகத் தொடங்கிய ஒரு பணிவும் இருநூறு ஆண்டு நாள்தவறாமல் நடிக்கப்பட்டால் நடிப்பவரைச் சிறிது மாற்றாமல் விடாது.

இதுவரை நல்லவற்றையே சொன்னோம். வீரர் ஒழுக்கத்தை வீட்டுக்கு அழைத்து வருவோர் அதன் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டே அழைக்க வேண்டும். ஜப்பானில் 1701இல் தம் தலைவர் தண்டிக்கப்பட்டதற்குப் பழிவாங்கி, 1703இல் அரசாணைப்படி நாற்பத்தாறு சாமுராய்கள் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டு மாண்டனர். மக்கள் அவர்களைப் போற்றினார்கள். அவர்கள் தலைவர் செய்தது சரியா என்று கேட்டவர் சிலரே. அந்தக் கேளாமை வளர்ந்தது. 1941 ஜனவரியில் ஜப்பானியப் படைவீரருக்குக் கொடுத்த கட்டளை நூல், உயிரோடு சிறைப்படும் இழிவை ஏற்காதே என்றது. அதனால் ஜப்பானிய இளைஞர் எத்தனையோ பேர் வீணே மாண்டனர். சிறைப்பட்ட அயல்நாட்டு வீரர் இழிவாக நடத்தப்பட்டனர். நிதோபேயின் மாலையில் நேர்மை முதல் மலராகவும் விசுவாசம் கடைசி மலராகவும் இருந்தன. விசுவாசத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு மற்றவற்றை மிதித்தால் என்னவாகும் என்பதற்கு 1945 சான்று.

நம் கரையிலும் இக்குறை உண்டு. திருநாவாயில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மாமாங்கத்தில், வள்ளுவநாட்டிலிருந்து சாவேறுகள் எனப்பட்ட இளைஞர் சாமூதிரியின் காவலைக் கிழித்துச் செல்ல முயன்று, ஒவ்வொரு முறையும் வெட்டுண்டு விழுந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மலபார்மேல் ஹைதர் அலி படையெடுத்த காலத்தோடு அது ஓய்ந்தது. வடக்கன் பாட்டுகள் புகழும் ஆரோமல் சேகவர் அங்கம் வெட்டியது தம் வழக்குக்காக அன்று. இரு பிரபுக்களின் சொத்துச் சண்டையில் ஒருவர் சார்பாக. கூலி பெற்று உயிரைப் பணயம் வைத்தார். உறவினன் சந்துவின் வஞ்சத்தால் மாண்டார். கேட்பவர் கண்ணீர் விடும் கதை அது. ஆனால் அந்தப் பிரபுக்கள் ஏன் தாமே களத்தில் இறங்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தமிழரின் நடுகற்களுக்கு முன்னும் இக்கேள்வியை எழுப்பலாம். அதே வேளையில், தோற்றோடுபவன்மேல் வேல் ஓச்சாத மறத்தைத் 'தழிஞ்சி' என்று ஒரு தனித் துறையாகவே நம் புறப்பொருள் இலக்கணம் போற்றியிருப்பதையும் சொல்லியாக வேண்டும். பழமையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது நம் பொறுப்பு.

அப்படி எடுக்கத் தக்கது எது என்று அறியக் களரிக்குள்ளேயே இறங்கிப் பார்ப்போம். மரபின்படி களரி 42 அடி நீளம், 21 அடி அகலம். வாயில் கிழக்கே. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாகக் குவிந்த பூத்தறை. பயில்பவன் வலக்காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றி, பூத்தறையையும் குருவையும் வணங்கிவிட்டே உடலை அசைக்க வேண்டும். முதலில் மெய்த்தாரி: யானை, குதிரை, சிங்கம், பன்றி, மீன், பூனை, சேவல், பாம்பு என்று விலங்குகளின் வடிவில் உடலைப் பழக்குவது. ஆயுதம் இல்லை, எதிராளி இல்லை, குருவின் வாய்த்தாரி ஒன்றே உண்டு. பிறகு கோல்த்தாரி, மரக்கோல்கள். அதன்பிறகே அங்கத்தாரி: கட்டாரி, வாளும் பரிசையும், உறுமி. எல்லாவற்றுக்கும் கடைசியில் வெறுங்கை! ஆயுதத்தைவிட ஆபத்தானது மர்மம் அறிந்த வெறுங்கை என்பதால் வடக்கன் முறையில் அதைக் கடைசிவரை ஒளித்து வைக்கிறார்கள். மழைக்காலமே பயிற்சிக்கும் உழிச்சிலுக்கும் உகந்தது. குரு மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, மாணவன் உடலில் எண்ணெய் வார்த்துத் தம் காலாலேயே நீவிவிடுவார். வணங்கப்படும் குரு, வணங்கியவன் உடலுக்கு ஊழியம் செய்கிறார்.

இந்நகரில் நாம் கண்ட ஒரு களரியில் ஒருநாள் பையன் ஒருவன் பிந்தி வந்தான். வந்தவன் கொட்டாவியும் விட்டான். ஜப்பானிய நூலின் நினைவு வந்து நாம் புன்னகைத்தோம். குருக்கள் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லோரும் சென்றபின், தளத்தில் கால்பட்டுச் சிதறிய மண்ணைச் சமன் செய்யும் வேலையை மட்டும் அவனிடம் கொடுத்தார். தாமும் மறுமுனையில் குனிந்து அதே வேலையைச் செய்தார். அரைமணி நேரத்துக்குப் பிறகு அந்தக் குருக்களே பக்கத்து அறையில், மூட்டுப் பிசகிய காய்கறிக்காரர் ஒருவரின் பாதத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். ஒழுக்கம் பற்றிய உரை எதையும் நாம் அங்கே கேட்கவில்லை.

இனித் தமிழன்பர்கள் மிக அணுக்கமாக அறிய வேண்டியது தெற்கன் முறை. வடக்கன் மரபு பரசுராமரை முதல் குருவாகச் சொல்லும். தெற்கன் மரபோ அகத்தியரைச் சொல்லும். அதன் சுவடிகள் தமிழில் இருந்தன. அதன் ஆசான்மார் தமிழ் பேசினர். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூரில் இருந்தவரை அது திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்கலைதான். 1956 நவம்பர் முதல் நாள் அந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. வடக்கிலிருந்து ஒரு கலை திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த அதே ஆண்டில், தெற்கே இருந்த அதன் உடன்பிறப்பு எல்லைக்கு அப்பால் போயிற்று. மனிதர் மட்டுந்தானா இடம் பெயர்கிறார்கள்?

தெற்கன் முறையின் உயிர்நிலை வர்மம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது கணக்கு. அடித்தால் உயிருக்கே இறுதியாகும் இடங்கள் படுவர்மம். அடிபட்டவனைத் தெளிவிக்கும் 'அடங்கல்' என்னும் இடங்களும், இளக்குமுறை என்னும் சிகிச்சையும் இதே கல்வியின் மறுபாதி. வீழ்த்தத் தெரிந்தவன் எழுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். எழுப்பத் தெரியாதவனுக்கு வீழ்த்தும் இடத்தைக் காட்டலாகாது. மாணவனைப் பல ஆண்டுகள் பார்த்து, அவன் சினம் எவ்வளவு, வாய் எவ்வளவு என்று அளந்தபிறகே ஆசான் வாய்திறப்பார்.

இளமையில் விளவங்கோட்டுப் பக்கம் ஓர் ஆசானிடம் நாம் நான்கு மாதம் அடிமுறை பயின்றதுண்டு. ஊர் முழுதும் மதித்த வர்மாணி அவர். இளமைத் துடுக்கில் ஒருநாள், "ஆசானே, அந்தப் பன்னிரண்டையும் எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டோம். அவர் நம் கால்களைப் பார்த்தார். "மக்ளே, நாலு மாசமா சொல்லுதேன், காலைக் கழுவிட்டுக் களத்துல ஏறுன்னு. அதையே நீ இன்னும் படிக்கல்ல" என்றார். நாணத்தால் அடுத்த வாரத்திலிருந்து நாம் போகவில்லை. அது நம் குறை. ஆசான் அந்தப் பன்னிரண்டை எவருக்குமே சொல்லவில்லை என்றும், தகுந்தவன் அமையாவிட்டால் தம்மோடு போகட்டும் என்று சுவடிகளையும் ஒளித்துவிட்டார் என்றும் அவர் மறைந்த பின் கேள்விப்பட்டோம்.

அவர் செய்தது சரியா? நிதோபே அயல் மொழியில் உலகுக்கெல்லாம் சொன்னார். நம் ஆசான் சொந்த மொழியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. இவ்வாறு பூட்டிவைத்த கல்வி எத்தனை வீடுகளில் செல்லரித்துப் போயிற்றோ! இன்று சித்த மருத்துவக் கல்லூரிகளில் வர்மம் பாடமாக இருப்பதைக் காணும்போது, திறந்து கொடுத்தவர்கள் பக்கமே நம் மனம் சாய்கிறது. ஆயினும் ஒரு முறை அந்தச் சாய்வு சற்றே நின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பை சென்றிருந்தோம். அந்த ஆசானின் மகன் அங்கே நம்மவர் மிகுந்த ஒரு பகுதியில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார் என்று அறிந்து தேடிப் போனோம். இரவு எட்டு மணி இருக்கும். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரை இருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள், தோள்பட்டை இறங்கியிருந்தது, வலியில் மயக்கம் வரும் நிலை. கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார். பிடரியில் ஓரிடத்தையும் கைமூட்டுக்கருகே ஓரிடத்தையும் விரலால் அழுத்தினார். தொழிலாளியின் கண் தெளிந்தது. பின் தோளைப் பற்றி ஒரு திருகு. எலும்பு தன் இடத்தில் அமர்ந்தது. வாரத்துக்கு இப்படி நாலைந்து பேர் வருவார்களாம். காசு வாங்குவதில்லை, தேநீர்க் காசை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

கூட்டம் கலைந்ததும், நெடுநாளாக நம் நெஞ்சில் இருந்ததைக் கேட்டோம்: "அப்போ ஆசான் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார், அந்தப் பன்னிரண்டும் தெரியும்தானே?"

அவர் தலையசைத்தார். "இல்லை அண்ணாச்சி. அப்பா எழுப்பத்தான் சொல்லித் தந்தாவ. விழத்தட்டுற இடம் எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை."

சொல்லிவிட்டு, வாசலில் வைத்திருந்த வாளித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு கடைக்குள் சென்றார்.